குருத்து ஈக்கு வைத்த விருந்து

அக்கா,

இன்று காலை கருவாட்டுத் தூள் மூட்டை வந்து இறங்கியது. மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ்ஸில் ஏற்றும்போதே கண்டக்டர் சண்டை போட்டிருக்கிறார். இந்த நாற்றத்தோடு இத்தனை வளைவும் ஏறினால் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள் என்று சொல்லி, கடைசியில் பின்பக்க ஏணியில் கட்டி அனுப்பினாராம். செம்மேட்டில் இறக்கி ஜீப்பில் கொண்டு வந்தோம். மூட்டையின் வாய்க்கட்டை அறுத்ததும் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. கூட இருந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். நீங்கள் முந்தானையை மூக்குவரை சுற்றிக் கட்டிக்கொண்டு, சாமை நாற்றுகளுக்கு நடுவில் குனிந்து தூள் தூவிக்கொண்டே, "இந்த ஈக்கு இருக்கற ருசியப் பாருங்க அம்மணி" என்று சிரித்தது அப்படியே கண்முன் வந்தது.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று எனக்குள் இருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன்.

நான் முதலில் மலைக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எனக்கு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. குருத்து ஈயைத் தாங்குகிற சாமை ரகம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வேலை. அதற்கு மலையிலேயே சாமை விளைகிற ஒரு காடு வேண்டும். குண்டனி நாட்டு ஊர்களில் நான்கு நாள் அலைந்தேன். நிலம் கேட்டால் கொடுக்க மறுக்காதவர்கள்கூட, எதற்கு என்று சொன்னதும் பின்வாங்கினார்கள். எந்த ரகம் தாங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் ஈ நிறைய வந்தாக வேண்டும். அதனால் வேண்டுமென்றே தாமதமாக விதைத்து, கருவாட்டுத் தூளைத் தூவி, சுற்றுவட்டாரத்து ஈயையெல்லாம் வரவழைப்போம் என்று நான் விளக்கினேன். கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அப்படியே திண்ணனூர் நாட்டுக்கு வந்தபோதுதான் உங்களைப் பார்த்தேன். ஒரு சரிவில் மரவள்ளிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ராசிபுரம் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மாதத்துக்கு இரண்டு முறை மேலே வருவார். காட்டைப் பார்ப்பதெல்லாம் நீங்கள்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டீர்கள். களைக்கொத்தை மண்ணில் ஊன்றிவிட்டு நீங்கள் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"சாமையப் போட்டா ஈ தின்னுட்டுப் போயிருதுங்க. அதுனாலதான் எல்லாரும் கெழங்கு போடறோம். கெழங்கு லாரியேறிப் போயிருது. ஒலை வெக்கறதுக்கு அரிசிய கடையில வாங்கறோம். எனக்கு என்ற காட்டுச் சாமைய ஆக்கித் திங்கோணும்ங்க. இங்கியே போடுங்க."

அவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் எவ்வளவோ படம் காட்டி விளக்கியிருந்தேன். உங்களுக்கு ஒரு படமும் தேவைப்படவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது. சோதனைக் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவில் நாற்பது அடி சும்மா விட வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவளே நான்தான். உங்கள் காட்டுக்கு மேற்கே வரப்பை ஒட்டி உங்கள் கொழுந்தன் காடு. பாத்தி அளந்து பார்த்தபோது இடம் போதவில்லை. கடைசி வரிசைகளுக்கு வரப்பு வரைக்கும் போனால்தான் கணக்குச் சரியாக வரும். அந்த வருடம் ஏதாவது முடிவைக் காட்டாவிட்டால் என் வேலை நிலைக்காது என்ற பயம் எனக்கு. "வரப்பு வரைக்கும் வேணுமாங்க?" என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். பக்கத்துக் காட்டில் பயிரே இல்லை, ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். நாற்பது அடி விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விதைத்தேன்.

நாற்று முளைத்து இரண்டு விரல் உயரம் வந்ததும் தூவ ஆரம்பித்தோம். ஈ வருவதற்கு முன் பூனைகள் வந்துவிட்டன. எங்கிருந்துதான் அத்தனை பூனை வந்ததோ. ஒன்று பன்னிரண்டாம் பாத்தியை விட்டு நகரவே இல்லை. துரத்தத் துரத்தத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அந்தப் பாத்தி ஈயால் போனதா பூனையால் போனதா என்று அறிக்கையில் எப்படி எழுதுவது என்று நான் குழம்பியதைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

பிறகு ஈ வந்தது. வீட்டு ஈயைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில். இலைக்கு அடியில் நொய்யைவிடப் பொடியாக ஒரு வெள்ளை முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு குருத்துக்குள் இறங்கி அடியை அறுத்துவிடும். செடி பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வரும், நுனியில் அழுகல் நாற்றம் அடிக்கும். தினமும் விடிந்ததும் நாம் இருவரும் பாத்தி பாத்தியாக உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பி முட்டை எண்ணினோம். நான் பூதக்கண்ணாடியோடு தேடுவதற்குள் நீங்கள் வெறுங்கண்ணால் எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். சில நாளிலேயே பாத்திகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டீர்கள். ஒன்று சோம்பேறி, ஒன்று சீமாட்டி. முட்டையே விழாத ஒரு பாத்தி இருந்தது, இலையெல்லாம் சொரசொரப்பாக முடியோடு இருக்கும். அதற்கு வாயாடி என்று பெயர். ஈ உட்கார்ந்தாலே திட்டி அனுப்பிவிடுகிறதாம்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கொழுந்தன் சாமை விதைத்தார். அவருடைய மாட்டுக்குக் காலில் அடிபட்டு, ஏர் பூட்டத் தாமதமாகிவிட்டது. அவர் நாற்று இரண்டு இலை விட்டபோது நம் காட்டில் ஈ உச்சத்தில் இருந்தது.

ஒரு காலை அவர் வரப்பில் வந்து நின்றார். கையில் ஒரு பிடி காய்ந்த குருத்து. சத்தம் போடவில்லை. அந்தக் குருத்தை என் நோட்டின் மேல் வைத்தார்.

"ஈயக் கூப்புட்டு விருந்து வெச்சீங்க. எச்செல என்ற காட்டுல வந்து உழுந்துருச்சு" என்றார்.

நான் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், "நீங்க போயி அந்த ஜீப்புல இருக்கற குச்சிய எடுத்துட்டு வாங்க அம்மணி" என்று என்னை அனுப்பிவிட்டீர்கள். நான் திரும்பி வரும்போது அவர் போய்விட்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். கோபமாக இருக்கிறார், ஆறிவிடும் என்றீர்கள். அடுத்த வாரம் என் மேலதிகாரி சோதனையைப் பார்க்க வரப்போகிறார், என் வேலை அவர் கையில் இருக்கிறது என்று அதற்கு இரண்டு நாள் முன்புதான் உங்களிடம் புலம்பியிருந்தேன்.

அன்று மத்தியானம் நான் எல்லாவற்றையும் உழுது அழித்துவிடலாம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அழிச்சுப்போட்டா அவர் காடு பச்சையாயிருமாங்க? கெட்டது கெட்டுப் போச்சு. எது தாங்குதுன்னாவது தெரியட்டும்."

அதன் பிறகு உங்கள் கொழுந்தன் உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஊற்று, ஒரே ஒற்றையடிப் பாதை. அதுவரை அவருடைய மாடும் உங்கள் மாடும் ஒரே ஏரில் பூட்டியவை. அந்த வருடத்திலிருந்து ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் களைக்கொத்தால் கொத்தியே விதைத்தீர்கள். நான் கேட்டபோதெல்லாம் சரியாகிவிடும் என்ற ஒரே பதில்தான்.

அதற்குள் நம் காட்டில் இன்னொன்று நடந்தது. முளைத்த நான்காவது வாரம் காய்ந்த குருத்துகளை எண்ணி, அளவுக்கு மேல் போன பாத்திகளைப் பிடுங்கிவிட வேண்டும். நாற்பத்தொன்றாம் பாத்தியில் பாதிக்கு மேல் போயிருந்தது. பிடுங்க வேண்டியது என்று அடையாளத்துக்குச் சிவப்புக் குச்சி நட்டேன். நீங்கள் அதை எடுத்துவிட்டீர்கள். நான் மறுபடி நட்டேன். நீங்கள் அந்தப் பாத்திக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"நீங்க செத்ததத்தான எண்ணறீங்க. இதுல அடியில பாருங்க, பக்கத்துல மூணு மூணு மொளைக்குது. இத யாரு எண்ணறது?"

விதிமுறை என்று ஒன்று இருக்கிறது என்று எரிச்சலோடு சொன்னேன். நீங்கள் வாதாடவில்லை. மறுநாள் நான் வந்தபோது அந்தப் பாத்தியைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தீர்கள், பூனைக்காக என்றீர்கள். அறுவடையில் அந்தப் பாத்திதான் எனக்குப் பாடம் ஆனது. நடுக்குருத்தை ஈ தின்ற செடி ஒவ்வொன்றும் பக்கத் தூர் வெடித்துக் கதிர் பிடித்திருந்தது. தாக்கு விழாமல் தப்பிக்கிற வாயாடி ஒரு பக்கம், தாக்கு விழுந்தும் எழுந்து நிற்கிற இது ஒரு பக்கம். இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க முடிந்தால் போதும் என்று அன்று எனக்குத் தோன்றியது. இப்படித் தேறுகிற செடி உண்டு என்று நான் அதுவரை படித்த எல்லாவற்றிலும் இருந்தது. ஆனாலும் நீங்கள் அந்தப் பாத்திக்கு முன் உட்காராமல் இருந்திருந்தால் நான் அதைப் பிடுங்கி வரப்பில் போட்டிருப்பேன்.

சேர்ப்பது சுலபமாக இருக்கவில்லை. சாமைப் பூ கடுகைவிடப் பெரிதல்ல. வெயில் ஏறும் வேளையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும். அதற்கு முன் ஊசி முனையால் மகரந்தப் பையை எடுத்துவிட்டு, மற்ற செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். மூச்சு பட்டாலே பூ நசுங்கும். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துவிட்டு, பிறகு ஒன்றாகப் பெருமூச்சு விடுவோம். நூறு பூவைத் தொட்டால் ஒன்றிரண்டு நிற்கும். நின்றதை விதைத்து, அதிலிருந்து பொறுக்கி, மறுபடி ஈயைக் கூப்பிட்டு, தாங்கியதை மட்டும் எடுத்து அடுத்த வருடம் விதைப்போம். இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியது.

அதற்கு நடுவில், மூன்றாம் வருடம் ஆனி மாதம், நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். குரலே வேறு மாதிரி இருந்தது. சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்று தெரியவில்லை. ஊற்றில் தண்ணீர் எடுக்கும்போது கொழுந்தன் எதிரில் வந்து நின்று, "அண்ணி, அந்த முள்ளு வேலிப் பாத்தி வெத கொஞ்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டாராம். நீங்கள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, சேர்த்து வைத்திருந்ததில் பாதியைக் கொண்டுவந்து அவர் துண்டில் கொட்டினீர்களாம். "பேசீட்டாருங்க அம்மணி, பேசீட்டாரு" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். அன்றாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறாவது வருடம் ஒரு செடி வரிசை கிடைத்தது. ஈ அதில் உட்காரவே இல்லை. நான் துள்ளிக் குதிக்காத குறை. மூன்று படி தானியத்தைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்து ஆக்கச் சொன்னேன். உமி போகவே இல்லை என்று அரை நாள் குத்தினீர்கள். சோறு வெந்து இறக்கினால் லேசாகக் கசந்தது. நீங்கள் ஒரு வாய் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்:

"ஈ திங்கலீங்க. நம்மளும் திங்க முடியாது."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் அழுகை. மேலதிகாரியிடம் காட்டினால் அந்த வரிசையே போதும் என்றிருப்பார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு சோறு போட்டு, கீரையை ஊற்றி, "இன்னும் ரெண்டு வருசம் ஆனா என்னங்க, காடு எங்கியும் போயிராது" என்றீர்கள். அப்படியே மறுபடி போய் வேறு வரிசைகளிலிருந்து தொடங்கினோம். எட்டாம் வருடம் வந்தது இப்போது இருக்கிற ரகம். கொஞ்சம் முட்டை விழும், கொஞ்சம் குருத்து காயும், தூர் வெடித்துத் தேறிவிடும். சோறு உதிரி உதிரியாக இருக்கிறது. நீங்கள் மூன்று முறை ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுச் சரி என்ற பிறகுதான் நான் அறிக்கை எழுதினேன்.

அதற்கு அடுத்த மாசியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டியவர், பொழுது சாய்வதற்குள் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம். உங்கள் கொழுந்தன் மிளகுக்கொடி படர்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த வருடம் புதிய வரிசைகளைச் சோதிக்க அதே காட்டைக் கேட்கப் போனேன். இப்போது காட்டைப் பார்த்துக்கொள்வது உங்கள் கொழுந்தன்தான். கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். தாராளமாகப் போடுங்கள் என்றார். பிறகு, சாதாரணமாக, கட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணி பண்ணுன மாதிரி வரப்பு வரைக்கும் மட்டும் போட்டுறாதீங்க."

அண்ணி பண்ணினதா என்று கேட்டேன்.

"ஆமாங்க. எடம் உடோணும்னு நீங்க சொன்னீங்களாமா. காட்டுக்காரி நாஞ் சொல்றேன், போடுங்கன்னு அவங்கதான் புடிவாதமாப் போட வெச்சாங்களாமா. அன்னிக்கு வரப்புல வெச்சே எங்கிட்டச் சொல்லீட்டாங்க. வெளியாளு பண்ணீருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ங்க. சொந்த அண்ணி பண்ணீட்டாங்களேன்னுதான் எனக்கு."

குச்சி எடுக்க என்னை ஜீப்புக்கு அனுப்பியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. புகார் மேலதிகாரி வரை போனால் நான் மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கும், சோதனையும் நின்றுவிடும் என்று நீங்கள் அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் எத்தனை அடி விட்டிருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாத்தி அளக்கும்போது நாற்பது என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டபடி டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நீங்கள்தானே.

அங்கேயே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது அடி என்று எழுதியது நான், விடாததும் நான், அண்ணி கேட்டபோது ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் நான். அவர் கை நின்றுவிட்டது. கயிறு பாதிக் கட்டில் தொங்கியது.

"ரெண்டு வருசம்ங்க" என்றார் மெதுவாக. "தண்ணிக் கொடத்தோட எதுக்க வருவாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். ஒருக்காக்கூட மாத்திச் சொல்லலீங்களே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியைக் கட்டி முடித்தார். பிறகு வரப்பில் ஏறி, அடி எண்ணிக்கொண்டே தன் காட்டுக்குள் நடந்தார். ஓரிடத்தில் நின்று குதிகாலால் மண்ணில் கோடு கிழித்து, தன் பக்கத்திலும் இதுவரைக்கும் விட்டுவிடுவதாகச் சொன்னார். வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். நம் சாமைதான். நான் தலை குனிந்து சாப்பிட்டேன்.

களப் பதிவேட்டில் இந்த வருடத்து முதல் பக்கத்தில், அந்தப் பழைய வருடத்தில் இடைவெளி விடாமல் விதைத்தது என் தவறு, காட்டுக்காரருக்கு அதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி அதைப் படிக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். இப்போதெல்லாம் நிலம் தேடிப் போனால் முதலில் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்குத்தான் போகிறேன். அவர் சரி என்று சொல்லாமல் டேப்பை வெளியே எடுப்பதில்லை.

ஆனால் அக்கா, நீங்கள் எனக்காக இழந்த அந்த இரண்டு வருடத்தை என்னால் எந்தப் பதிவேட்டிலும் திருத்தி எழுத முடியாது. ஒரே பாதையில் எதிரெதிரே வந்து பேசாமல் போன அத்தனை காலைகளும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.